ஒலி வந்த திசைக்கு விழி திரும்புவதேன்?

வீதியில் நடந்து செல்கையில் பக்கத்திலிருந்து எவரோ நம் பெயர் சொல்லி அழைக்கின்றார். அழைத்தவர் யாரென்று எண்ணு முன்னரே நம் விழிகள் அத்திசைக்குத் திரும்பிவிடுகின்றன. நாம் பொருட்படுத்தாத இச்செயலுக்குள் நுட்பமானதொரு கணக்கு மறைந்திருக்கின்றது.

பொருள் எங்கே இருக்கின்றது என்பதை விழித்திரையில் ஒளி விழும் இடமே காட்டிவிடும். செவிக்கு அவ்வசதி இல்லை. வலப்புறத்து ஒலி வலது காதை முதலில் அடைகின்றது. இடது காதைச் சற்றுப் பிந்தியே அடைகின்றது. இவ்விடைவெளி மிகக் கூடியது ஒரு செக்கனின் 1,500இல் ஒரு பங்களவே. தலை தடுப்பதால் இடது காதில் ஒலி மெலிந்தும் கேட்கும். இவ்விரு வேறுபாடுகளைக் கொண்டே நாம் திசையை அறிகின்றோம் என 1907ஆம் ஆண்டில் ஆங்கிலேய பௌதிகவியலாளர் ரேலி பிரபு விளக்கினார்.

இத்திறன் எப்போது வருகின்றது? அமெரிக்க உளவியலாளர் மைக்கல் வேர்த்தைமர், பிறந்து சில நிமிடங்களே ஆன ஒரு குழந்தையின் இரு காதுகளருகேயும் மாறி மாறிச் சிற்றொலி எழுப்பிப் பார்த்தார். குழந்தையின் விழிகள் அசைந்தபோது, பெரும்பாலும் ஒலி வந்த பக்கமே சென்றன. இதனை அவர் 1961இல் வெளியிட்டார்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. காதுகள் தலையோடு நிலையாக உள்ளன, விழிகளோ உருளுகின்றன. விழி ஏற்கெனவே எங்கே நோக்குகின்றது என்பது தெரியாமல், அதனை ஒலியை நோக்கித் திருப்ப இயலாது. குரங்குகளை ஆராய்ந்த ஜே, ஸ்பார்க்ஸ் ஆகிய இருவரும் இதற்கான விடையை 1984இல் தந்தனர். விழியின் நிலை மாறும்போது, ஒலிக்கு நடுமூளைக் கலங்கள் காட்டும் எதிர்வினையும் மாறுகின்றது என அவர்கள் கண்டனர். செவியின் கணக்கை மூளை விழியின் கணக்காக மாற்றிக்கொள்கின்றது.

ஒரு காது பழுதுற்றால் இக்கணக்குப் பிழைக்கும். குண்டொலியாலோ நோயாலோ ஒரு காதின் கேள்வியை இழந்தவர்களுக்கு ஒலி கேட்கும். வந்த திசை எளிதில் புலப்படாது. வீதியைக் கடக்கையில் இது ஆபத்தாகும். அத்தகையோரை அழைத்தும் திரும்பவில்லையே எனக் கடிந்துகொள்ளாது, நல்ல காதின் பக்கம் நின்று பேசுவதே முறை.

பெற்றோர் மனங்கொள்ள வேண்டியது இன்னுமொன்றுண்டு. புதிய நாடுகளில் வளரும் நம் பிள்ளைகள் பேசப் பிந்தினால், வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் கேட்பதே காரணமென நாம் ஆறுதலடைந்துவிடுகின்றோம். ஆனால், ஒலி வந்த பக்கம் திரும்புவதற்கு எந்த மொழியும் தேவையில்லை. ஆறு மாதமாகியும் குழந்தை ஒலியை நோக்கித் திரும்பாவிடின், காத்திராது வைத்தியரிடம் காட்டிச் செவியைச் சோதிப்பித்தல் வேண்டும். மொழி தெரியாதென்ற தயக்கம் இதற்குத் தடையாகலாகாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உடன் அழைத்தேனும் செல்வோம். காலத்தே கண்டறியும் குறைக்கே பரிகாரமும் எளிது.