உணவக டிப்ஸும் ஊதியமும்
டிப்ஸ் என்பது உணவகத்தில் பரிமாறுபவருக்கு வாடிக்கையாளர் தாமாக விரும்பிக் கொடுக்கும் பணமாகும். இதைக் கைவிட்டு ஊதியத்தை உயர்த்த வேண்டும் என்ற கருத்து பல நாடுகளில் விவாதிக்கப்படுகிறது.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, டிப்ஸ் பெறுபவருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். டிப்ஸுடன் சேர்த்து அது 7.25 டாலரை எட்ட வேண்டும். இந்தியாவில் நிலை வேறு. டிப்ஸ் முதலாளி தரும் சம்பளமாகாது என 2016 இல் ஒரு வருமானவரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் உணவகத் தொழிலாளர்களுக்கு அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்துள்ளது.

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூர் போன்ற பேரூர்களில் இவ்வேறுபாடு முக்கியமானது. வருங்கால வைப்புநிதிச் சட்டம் பொதுவாக 20 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களுக்கும், தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம் 10 பேருக்குக் குறையாதவற்றுக்கும் பொருந்தும். நான்கைந்து பேர் வேலை செய்யும் சிற்றுண்டிக் கடை இரண்டிலும் அடங்காது. அங்கு பரிமாறுபவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் முக்கியமான சட்டக் காப்பாகும்.

ஊதியம் உயர்ந்தால் இட்லி, சாப்பாட்டின் விலையும் உயரும் என்பது உரிமையாளர்களின் வாதம். எனினும், கூட்டம் குறைந்த நாளில் டிப்ஸும் குறையும். ஊதியம் குறையக் கூடாது. எனவே டிப்ஸ் ஊதியத்துக்கு மேல் கிடைப்பதாக இருக்கலாம்; அதற்கு ஈடாகாது.