மிதித்தால் பேசும் தரை, மனம் வாடும் அறை: சுவிட்சர்லாந்தின் அதிசயம் தெரியுமா?

ஒரு அறைக்குத் தூக்கம் வரும், உற்சாகம் வரும், உள்ளே வந்தவர்களில் தன்னோடு விளையாட யார் தயார் என்று அதுவே தேடும் என்றால் நம்புவீர்களா? அப்படி ஓர் அறை நிஜமாகவே இருந்தது! 2002-ல், சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டல் நகரில். அதன் பெயர் ஏடா. ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் அதற்குள் போய் வந்தார்கள்!

அந்த ஆண்டு மே 15 முதல் அக்டோபர் 20 வரை ‘எக்ஸ்போ.02’ என்ற சுவிஸ் தேசியக் கண்காட்சி ஏரிக்கரை ஊர்களில் நடந்தது. அதற்காக ஏடாவை உருவாக்கியவர்கள் யார் தெரியுமா? மூளையை ஆராய்பவர்கள்! சூரிக்கில் ஈ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சூரிக் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் நரம்பியல் தகவலியல் நிறுவனத்தில், பால் வெர்ஷூர் தலைமையில் ஒரு பெரும் குழு இதற்காக உழைத்தது. கணினியுகத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பெண்மணி ஏடா லவ்லேஸின் பெயரையே அறைக்கும் சூட்டினார்கள்.

அறையின் தரையைப் பற்றிக் கேளுங்கள்! அறுகோண வடிவில் சுமார் 360 பெரிய ஓடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் எடையை உணரும் கருவிகள். கூடவே சிவப்பு, பச்சை, நீல விளக்குகள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எந்தப் பக்கம் நகர்கிறீர்கள் என்பது பாதம் பட்ட கணமே ஏடாவுக்குத் தெரிந்துவிடும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்க ஒலிவாங்கிகள், உங்கள் பக்கம் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் கேமராக்கள், உங்களைச் சுட்டிக் காட்டும் ‘ஒளி விரல்கள்’, சுற்றிலும் பிரம்மாண்டத் திரைகள். பின்னணி இசையைக்கூட யாரும் முன்கூட்டியே பதிவு செய்து வைக்கவில்லை. அறைக்குள் நடப்பதற்கும் ஏடாவின் அப்போதைய மனநிலைக்கும் ஏற்ப அது அந்த நேரத்திலேயே பிறந்தது!

இதைவிட வியப்பு அதன் நடத்தை. முதலில் உறங்கும். ஆள் வந்ததும் விழிக்கும். பிறகு சோதிக்கத் தொடங்கும்: உங்கள் காலருகே தரையோடு ஒன்று மின்னும். நீங்கள் அதை நோக்கி நகர்ந்தீர்களா? ‘இவர் நம் ஆள்’ என்று குறித்துக்கொண்டு உங்களைச் சுற்றி ஒளிவட்டம் போடும், உங்கள் படத்தைத் திரையில் காட்டும். கண்டுகொள்ளாமல் நின்றால் அடுத்தவரிடம் போய்விடும். சிதறி நிற்பவர்களை மெல்ல மெல்ல ஓரிடத்துக்கு இழுத்துச் சேர்த்து, தரையில் ஓடும் ஒளியை மிதித்துப் பிடிக்கும் விளையாட்டைத் தொடங்கும். கடைசியில் வழியனுப்பியும் வைக்கும்!

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்களைத் தட்டினால் ஸ்வரம் கேட்கிறது. நாம் தட்டும்வரை தூண் காத்திருக்கும். ஏடா காத்திருக்கவில்லை, தானே முன்வந்து அழைத்தது. ஆள் நுழைந்தால் எரியும் விளக்கை ‘ஸ்மார்ட்’ என்று கொண்டாடுகிறோமே, இதற்கு முன் அது எம்மாத்திரம்! முன்பின் தெரியாத ஒரு சிறு கூட்டத்தில், ‘இது எனக்குத்தான் பதில் சொல்கிறது’ என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சில நிமிடங்களில் புரியவைக்க வேண்டும். மனிதர்களோடு உறவாடும் அறைகளைப் படைப்பதில் ஆகக் கடினமான வேலை அதுதான். ஏடா அதை ஒரு கோடைகாலம் முழுக்கச் செய்தது. ஏடாவின் ‘மூளைக்குள்’ அந்த நொடியில் என்ன ஓடுகிறது என்பதைப் பக்கத்து அறையிலிருந்து பார்க்கவும் வழி செய்திருந்தார்கள்!

அதே கண்காட்சியில், அதே ஏரியின் இன்னொரு கரையில், இவெர்டோனில் மேகத்தாலேயே ஒரு கட்டடம் மிதந்தது தெரியுமா? நியூயார்க் கட்டடக்கலை நிறுவனமான டில்லர்–ஸ்கோஃபிடியோ கட்டிய ‘பிளர்’. ஏரி நீரையே உறிஞ்சி, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்குழாய்கள் பனிமூட்டமாகப் பீய்ச்சின. காற்றையும் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து, நீரழுத்தத்தைக் கணினியே மாற்றிக்கொண்டிருந்தது. பார்வையாளரின் குணத்தைப் பதிந்துகொண்டு, எதிரே வருபவரோடு ஒத்துப்போனால் நிறம் மாறிச் சிவக்கும் மழைக்கோட்டையும் அதற்காக வடிவமைத்திருந்தார்கள். அது மட்டும் நிறைவேறவில்லை, பெரிய ஏமாற்றம்தான்!

மனிதருக்குப் பதில் சொல்லும் கட்டடம் என்ற இந்தக் கனவு பழையது. 1960-களிலேயே லண்டனில் கட்டடக் கலைஞர் செட்ரிக் பிரைஸ், மக்கள் விருப்பப்படி சுவரும் தளமும் இடம் மாறும் ‘ஃபன் பேலஸ்’ஸை வரைந்தார், அது காகிதத்தோடு நின்றுபோனது. 1990-களில் அமெரிக்காவின் கொலராடோவில் கணினி விஞ்ஞானி மைக்கேல் மோசர், தன் பழக்கங்களைக் கவனித்து விளக்கையும் வெப்பத்தையும் தானே கற்று இயக்கும் வீட்டில் குடியிருந்தார்!

சூரிக் நிறுத்தவில்லை. 2010-ல் ஈ.டி.எச். மாணவர்கள் மோட்டாரே இல்லாமல், உயர் மின்னழுத்தம் பாய்ந்ததும் விரிந்து சுருங்கும் மெல்லிய படலங்களால் ஒரு மேற்பரப்பைச் செய்தார்கள். ஈ.டி.எச். பேராசிரியர் ஆர்னோ ஷ்லூட்டரின் குழு, ரப்பர் போன்ற மென்தசைகளில் காற்றடைத்துச் சூரியத் தகடுகளைத் திருப்பும் முகப்பை உருவாக்கியது. அது வெயிலைப் பின்தொடர்ந்து மின்சாரம் எடுக்கும். உள்ளே இருப்பவருக்கு வேண்டும்போது நிழல் தரும், வெளிச்சமும் விடும்!

ஏடா இன்று இல்லை. கண்காட்சி முடிந்ததும் கலைக்கப்பட்டது. ஆனால் அந்த அசையும் முகப்பு, சூரிக் அருகே டூபென்டார்ஃபில் எம்பா ஆய்வு நிறுவனத்தின் ‘நெஸ்ட்’ கட்டடத்தில், 2021-ல் திறக்கப்பட்ட ‘ஹைலோ’ பகுதியில் இருக்கிறது. நெஸ்ட் முழுவதுமே, பகுதிகளைக் கழற்றிப் புதிதாகச் செருகும்படி அமைந்த சோதனைக் கட்டடம். முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம். சுவிஸில் உங்களுக்கு உறவினர் இருந்தால், அடுத்த முறை ஆல்ப்ஸ் பனிக்கு ஒரு நாளைக் குறைத்து, பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள்!