ஸ்டீரியோவுக்கு மாற்று சிடி ப்ளேயர்: நீடித்து உழைப்பது எது?

ஆம்ப்ளிஃபையர் நன்றாக இருக்கிறது, ஸ்பீக்கரும் நன்றாக இருக்கிறது, சிடி மட்டும் பாடவில்லை. செட்டையே மாற்ற வேண்டுமா? கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. வேண்டாம் என்பதுதான் பதில். ப்ளேயரை மட்டும் மாற்றினால் போதும்.

இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் எங்கள் தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ‘ஹவ் டு நேம் இட்’ (1986), ‘நத்திங் பட் விண்ட்’ (1988), ‘திருவாசகம்’ சிம்பொனி (2005) என்று அவருடைய சிடிக்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களை கம்பம் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரியும். போனிலும் பாட்டுக் கேட்கலாம்தான். அதற்காகக் காசு கொடுத்து வாங்கிய சிடி பீரோவில் தூங்க வேண்டுமா?

எது முதலில் கெடும்?

சோனி நிறுவனம் தன் முதல் சிடி ப்ளேயரை 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அடிப்படை இன்றும் அதேதான். 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட லேசர், சிடியில் உள்ள நுண்ணிய பள்ளங்களைப் படிக்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 600க்கும் மேற்பட்ட சுற்றுகள்! சிடி சுழலும்போது லென்ஸ் இந்தப் பாதையை விட்டு விலகாமல் இருக்க வேண்டும்.

எனவே அசையும் பாகங்கள்தான் முதலில் பழுதாகின்றன. லென்ஸில் தூசி படியும். லேசர் பலம் குறையும். டிரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட் தளரும். கிரீஸ் காய்ந்துவிடும். பவர் சப்ளையில் உள்ள கெபாசிட்டர்கள் வயதாகும். கடையில் வாங்கிய சிடி பாடுகிறது, கம்ப்யூட்டரில் எழுதிய சிடி மட்டும் பாடவில்லை என்றால், லேசர் பலவீனமாகி இருக்கலாம். டிரே திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் பெல்ட்தான் காரணம். அதை மாற்ற ஆகும் செலவு குறைவு. ஆகவே புதிது வாங்கும் முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நீங்களே மூடியைக் கழற்றிப் பார்க்காதீர்கள். இந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும்.

உங்கள் முன் உள்ள வழிகள்

1. புதிய சிடி ப்ளேயர்: யமஹா சிடி-எஸ்303, மராண்ட்ஸ் சிடி6007 போன்றவை ஸ்டீரியோவுடன் இணைப்பதற்கென்றே தயாரிக்கப்பட்டவை. இந்த இரண்டிலும் யுஎஸ்பி சாக்கெட் உண்டு. நீடித்து உழைக்க வேண்டுமானால் ஒரு சிடி மட்டும் போடும் மாடலே நல்லது. ஐந்து சிடி போடும் சேஞ்சரில் அசையும் பாகங்கள் அதிகம்.

2. டிவிடி அல்லது புளூ-ரே ப்ளேயர்: ஆடியோ சிடியும் இவற்றில் பாடும். செலவும் குறைவு. பின்புறம் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ சாக்கெட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள மாடலைப் பழைய ஆம்ப்ளிஃபையருடன் நேரடியாக இணைக்க முடியாது. டிவி இல்லாமல் பாட்டைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்றும் சோதியுங்கள்.

3. பழைய ப்ளேயர்: சோனி கேஎஸ்எஸ்-213, சான்யோ எஸ்எஃப்-பி101என் ஆகிய பிக்கப்புகளைப் பல கம்பெனிகள் பயன்படுத்தின. இவை உள்ள ப்ளேயர் என்றால் பின்னாளில் பிக்கப்பை மாற்ற வழி இருக்கும். அரிதான பிக்கப் உள்ள ப்ளேயர், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பழையது வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை

உங்கள் சிடிக்களையே எடுத்துச் செல்லுங்கள். 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் சிடியில் கடைசிப் பாட்டைப் போடுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால், கடைசிப் பாட்டு விளிம்பில் இருக்கும். முதல் பாட்டிலிருந்து கடைசிக்கும், திரும்ப முதலுக்கும் தாவ வையுங்கள். கம்ப்யூட்டரில் எழுதிய ஒரு சிடியையும் போடுங்கள். டிரேயைப் பத்து முறை திறந்து மூடுங்கள். ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். சூடேறிய பிறகுதான் சில பழுதுகள் தெரியும். இந்தச் சோதனைக்குக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

இணைப்பதும் வைப்பதும்

ப்ளேயரின் கேபிளை ஆம்ப்ளிஃபையரில் ‘சிடி’ அல்லது ‘ஆக்ஸ்’ என்று எழுதிய சாக்கெட்டில் செருகுங்கள். ‘போனோ’ சாக்கெட் இசைத்தட்டுக்கானது. அதில் செருகினால் சத்தம் கரகரப்பாகச் சிதறிக் கேட்கும்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தேனிப் பக்கம் காற்று பலம். ஆண்டிபட்டி வட்டாரத்துக் காற்றாலைகளே சாட்சி! அந்தக் காற்றோடு தூசியும் வீட்டுக்குள் வரும். எனவே ப்ளேயரை ஜன்னலோரம் வைக்காதீர்கள். டிரேயைத் திறந்தபடி விடாதீர்கள். ஆம்ப்ளிஃபையர் மேலே வைத்தால் அதன் சூடு ப்ளேயரின் ஆயுளைக் குறைக்கும். இடி மின்னலின்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சிடியைத் துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு பிரதி

எந்த ப்ளேயரும் ஒருநாள் நிற்கும். சிடியும் வீணாகலாம். பாட்டைக் காப்பாற்ற உங்கள் கம்ப்யூட்டர் உதவும். அதில் டிவிடி டிரைவ் இல்லை என்றால், யுஎஸ்பியில் இணைக்கும் டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் இயங்கும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள், படித்ததையே திரும்பப் படித்து ஒப்பிட்டு, பிழையில்லாமல் பிரதி எடுக்க முயலும். சிடியில் உள்ளபடியே எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். ஃபிளாக் முறையில் சேமித்தால், தரம் சிறிதும் குறையாமல் பெரும்பாலும் 40 முதல் 60 சதவீத இடமே பிடிக்கும். எம்பி3 இன்னும் சிறியது, ஆனால் அதில் கழித்த ஒலியைத் திரும்பப் பெற முடியாது. அதனால் காப்புப் பிரதிக்கு ஃபிளாக்தான் என் தேர்வு.

எதை வாங்குவது? தினமும் கேட்பவர், பணம் இருந்தால் ஒரு சிடி போடும் புதிய ப்ளேயர் வாங்கலாம். எப்போதாவது கேட்பவருக்கு ஆர்சிஏ சாக்கெட் உள்ள டிவிடி ப்ளேயர் போதும். எதை வாங்கினாலும், பில்லுக்குப் பணம் கட்டும் முன் சர்வீஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பழுதுக்கும் ப்ளேயரைச் சுமந்துகொண்டு தேனியிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறுவது சுலபமான காரியமல்ல.