கடலடிச் சேற்றில் ஒரு காந்தப் பதிவேடு

மாரிஸ் யூயிங்குக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் லமாண்ட் புவியியல் ஆய்வகத்தை நிறுவியவர் அவர். ஆய்வகத்தின் கப்பலான ‘வேமா’ எந்தக் கடலில் இருந்தாலும் சரி, நாளுக்கு ஒரு தடவையாவது நின்று, நீண்ட குழாயைக் கடலடியில் இறக்கி, உள்ளே ஏறும் வண்டலை அப்படியே உருளையாக உருவி எடுத்துவிட வேண்டும். செல்வந்தர் ஒருவரின் உல்லாசப் பாய்மரக் கப்பலாக வாழ்க்கையைத் தொடங்கிய வேமா, 1950களிலும் 60களிலும் உலகக் கடல்களைச் சுற்றிச் சேறு சுமந்தது. அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அலமாரிகள் நிறைந்தன, சேறு காய்ந்தது. 1964இல் நீல் ஓப்டைக் என்ற தொல்காந்தவியலாளர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு அது புதையல்.

கடலடியில் படியும் வண்டலில் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத்தின் பொடி கலந்திருக்கும். மணி ஒன்றின் அளவு ஒரு மைக்ரான், பெரும்பாலும் அதற்கும் கீழே. ஆறும் காற்றும் நிலத்திலிருந்து கொண்டுவந்தவை, எரிமலைச் சாம்பலோடு வந்தவை எனப் பலவகை. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். நீரில் மெல்ல இறங்கும்போதும், தரைதட்டித் தளர்ந்த சேற்றில் கிடக்கும்போதும், பூமியின் காந்தப்புலம் இருக்கும் பக்கமாக அவை சற்றே திரும்பிக்கொள்கின்றன. மேலே வண்டல் சேரச் சேர அடியில் இருப்பது நசுங்கி இறுகுகிறது. மணிகள் இருந்த வாக்கிலேயே பூட்டிக்கொள்கின்றன. இன்னொரு வரவும் உண்டு. 1975இல் ரிச்சர்ட் பிளேக்மோர் மாசசூசெட்ஸ் கடலோரச் சேற்றிலிருந்து அறிவித்த பாக்டீரியாக்கள், உடலுக்குள் காந்த மணிகளைச் சரமாகக் கோத்து வைத்துக்கொண்டு, அதன் துணையால் திசையறிந்து நீந்துகின்றன. அவை மடிந்த பிறகும் சரம் சேற்றிலேயே தங்கிவிடுகிறது.

பூமியின் காந்தப்புலம் தலைகீழாகப் புரண்டிருக்கிறது என்பதை முதலில் சொன்னவை எரிமலைப் பாறைகள். பிரான்சில் பெர்னார் புருன் 1906இல் எழுதினார். ஜப்பானில் மோட்டோநோரி மாட்சுயாமா 1929இல் அதற்குக் காலவரிசை ஒன்றைக் காட்டினார். ஆனால் எரிமலை தனக்குத் தோன்றியபோதுதான் கக்கும். இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே என்ன நடந்தது என்று அதனிடம் கேட்க முடியாது. ஆழ்கடல் தரையோ ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற மெதுவான கணக்கில், ஏறக்குறைய இடைவிடாமல் உயர்ந்துகொண்டே இருக்கிறது.

ஓப்டைக் குழு எடுத்துக்கொண்டது அண்டார்டிகாவைச் சுற்றிய கடல்களின் உருளைகளை. அதற்கு வலுவான காரணம் இருந்தது. குழாய் சேற்றில் இறங்கும்போது எந்தப் பக்கம் சுழன்றது என்று தெரியாது. வடக்கு எது என்ற தகவல் அங்கேயே தொலைந்துவிடும். மேல் எது, கீழ் எது என்பது மட்டும் நிச்சயம். துருவங்களுக்கு அருகில் காந்தப்புலம் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்பதால் அது ஒன்றே போதும்: புலம் புரண்டால், மேல்நோக்கி இருந்தது கீழ்நோக்கும். கன்னியாகுமரிக் கடலில் இதே வேலை எளிதில் நடக்காது. காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிச் செல்வதால் இங்கே புலம் ஏறக்குறைய கிடையாகப் படுத்திருக்கிறது. புரண்டாலும் மேல்-கீழ் வேறுபாடு தெரியாது.

மாணவர் ஜான் ஃபாஸ்டர் கட்டிய சுழல் காந்தமானியில் சேற்றுத் துண்டுகள் ஒவ்வொன்றாக ஏறின. ஜேம்ஸ் ஹேஸ் அதே சேற்றில் இருந்த ரேடியோலாரியா நுண்ணுயிர் ஓடுகளைக் கொண்டு அடுக்குகளின் வரிசையைச் சரிபார்த்தார். 1966இல் வெளியான கட்டுரையில், எரிமலைப் பாறைகள் காட்டிய அதே புரட்டல் வரிசை சேற்றிலும் இருந்தது. அதே ஆண்டு, அதே ஆய்வகத்தில், பசிபிக் கடல்தளத்தின் காந்தப் பட்டைகளிலும் அதே வரிசை தெரிந்தது. கடல்தளம் நடுவிலிருந்து இரு பக்கமும் விலகி வளர்ந்தால்தான் பட்டைகள் அப்படி அமையும். கண்டங்கள் நகர்வதை அதுவரை நம்ப மறுத்த பலர் மனம் மாறியதில் இந்த ஒத்துப்போதலுக்குப் பெரிய பங்கு உண்டு.

புலத்தின் திசையோடு நிறுத்திக்கொண்டால் சேறு நல்ல சாட்சி. எவ்வளவு வலிமையாக இருந்தது என்று கேட்கும்போதுதான் தகராறு.

ஒரு துண்டுச் சேற்றில் காந்தம் அதிகமாக இருக்கிறது என்றால், அன்று புலம் வலுவாக இருந்திருக்கலாம். அல்லது அந்த ஆண்டுகளில் மேக்னடைட் கூடுதலாக வந்து விழுந்திருக்கலாம். கூட்டத்தில் நிறையக் கைகள் உயர்ந்தால் ஆதரவு பெருகிவிட்டதா, கூட்டமே பெரிதா என்று தலைகளை எண்ணித்தானே சொல்ல முடியும்? ஆய்வகத்தில் தலைகளை எண்ணும் வழி இது: இயற்கையான காந்தத்தை அளந்த பிறகு, அதே துண்டுக்கு அளவு தெரிந்த செயற்கைக் காந்தத்தை ஏற்றி, எவ்வளவு ஏற்றுக்கொள்கிறது என்று பார்த்து, முதலதை இரண்டாவதால் வகுக்கிறார்கள். கிடைப்பது ஒப்பீட்டு வலிமை மட்டுமே. அதுவும் மணிகளின் வகையும் அளவும் உருளை நெடுக ஒரே மாதிரி இருந்தால்தான் செல்லும். பனியூழி வந்து போகும்போதெல்லாம் கடலில் விழும் தூசியின் தன்மையே மாறிவிடுகிறது.

சேறு செய்யும் வேறு குறும்புகளும் உண்டு. புழுக்கள் மேல் சில சென்டிமீட்டரை ஓயாமல் கிளறுகின்றன. மணிகள் பூட்டிக்கொள்வது தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே என்பதால், ஓர் அடுக்கு தன் வயதைவிடப் பிந்திய காலத்துப் புலத்தைச் சுமந்து நிற்கும். கரிமப்பொருள் மிகுந்த, ஆக்சிஜன் வற்றிய சேற்றில் மேக்னடைட்டே கரைந்து சல்ஃபைடாக மாறிவிடும். அந்தப் பக்கங்கள் கிழிந்தது கிழிந்ததுதான்.

இந்தச் சந்தேகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் மோதிய கதைதான் எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்தது. 1993இல் ழான்-பியர் வாலே, லோர் மெய்னாடியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் பசிபிக் நடுக்கோட்டுப் பகுதி உருளைகளிலிருந்து 40 லட்சம் ஆண்டு வலிமை வரைபடத்தை வெளியிட்டார்கள். பார்த்தவுடன் கண்ணில் அறைகிற வடிவம்: ரம்பப் பல். ஒவ்வொரு புரட்டலுக்குப் பிறகும் புலம் சட்டென எழும்பி, அடுத்த புரட்டல்வரை மெல்ல மெல்லச் சரிகிறது. எவ்வளவு உயரம் எழும்பியதோ அவ்வளவு காலம் அடுத்த புரட்டல் தள்ளிப்போகிறது. புவிக்கருவுக்கு நினைவாற்றல் இருப்பதுபோன்ற இந்த முடிவு, அது அழகாக இருந்த காரணத்தாலேயே சந்தேகத்தையும் கிளப்பியது. 1996இல் கோக், லிசா டாக்ஸ் இருவரும் எதிர்வாதம் வைத்தார்கள். புலம் புரண்ட பிறகும் சில மணிகள் மிக மெதுவாகப் புதிய திசைக்குத் தாவிக்கொண்டே இருந்தால் போதும். பழைய பதிவின் மேல் புதியது ஏறி, இல்லாத ரம்பத்தை வரைந்துவிடும் என்றார்கள்.

ஒரே உருளையை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்த வழக்கு தீராது. ஆகவே பல கடல்களின் உருளைகளைக் காலம் பொருத்தி அடுக்கி, சராசரி எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கடலின் புழுவும் இன்னொரு கடலின் தூசியும் ஒரே ஆண்டில் ஒரே மாதிரி ஏமாற்றாது. எல்லா இடத்திலும் தெரிவது பூமியின் புலமாகத்தான் இருக்க வேண்டும். வாலே குழுவே 2005இல் கொண்டுவந்த 20 லட்சம் ஆண்டு அடுக்கில் நீண்ட ரம்பம் மங்கிவிட்டது. தப்பியது இது: புரட்டலுக்கு முன் 60,000 முதல் 80,000 ஆண்டுகள் புலம் நலிகிறது, புரண்டபின் சில ஆயிரம் ஆண்டுகளிலேயே மீள்கிறது. காந்தத்தோடு தொடர்பே இல்லாத இன்னொரு சாட்சியும் அதே சேற்றில் இருக்கிறது. புலம் நலிந்தால் விண்கதிர்கள் கூடுதலாக நுழைந்து, வளிமண்டலத்தில் பெரிலியம்-10 என்ற அணுவகையை அதிகம் உருவாக்கும். வலிமை குறைந்ததாகக் காந்தம் சொல்லும் அடுக்கில் பெரிலியம்-10 கூடியிருந்தால், அது வெறும் சேற்றின் குறும்பாக இருக்க முடியாது.

கடைசிப் புரட்டல் நடந்து சுமார் 7,73,000 ஆண்டுகள் ஆகின்றன. கணிதவியலாளர் காஸ் 1830களில் அளக்கத் தொடங்கியது முதல் இன்றுவரை புலத்தின் முதன்மைப் பகுதி ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்திருப்பதால், அடுத்தது நெருங்கிவிட்டதா என்ற கேள்வி பத்திரிகைகளில் அடிக்கடி எழுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் படியும், ஆழ்கடலுக்கு நல்ல வேகமான இடத்திலேயே, காஸ் காலம் முதல் இன்றுவரையான மாற்றம் முழுவதும் 2 சென்டிமீட்டர் சேற்றுக்குள் அடங்கிவிடும். புழுக்கள் கிளறும் ஆழம் அதைவிட அதிகம். இத்தகைய குறுகிய சரிவுகள் முன்பு எத்தனை வந்து போயின என்று அந்த உருளைகளிடம் கேட்பது நியாயமில்லை. வண்டல் வேகமாகப் படிந்த இடங்களைத்தான் தேட வேண்டும். கருங்கடல் அப்படி ஒன்று. ஜெர்மனியின் பாட்ஸ்டாம் ஆய்வு மையத்தினர் அங்கே எடுத்த உருளைகளில், சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த ‘லஷாம்ப்’ என்ற குறும்புரட்டல் பதிவாகியிருக்கிறது. சுமார் 250 ஆண்டுகளில் புலம் புரண்டு, 440 ஆண்டுகள் அப்படியே இருந்து, பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது. தலைகீழாக இருந்தபோது அதன் வலிமை இன்றுள்ளதில் கால்பங்கு. புரளும் நேரத்தில் வெறும் 5 சதவீதம்.