சிக்னல்ல நிக்கும்போது பிரேக் பெடல் தானா இறங்குதா?

திருவொற்றியூர்ல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல டிரெய்லர் க்யூவுக்குப் பின்னாடி பிரேக்ல கால் வெச்சு நிக்கிறேன் ப்ரோ. பெடல் மெதுவா தரை வரைக்கும் இறங்கிடுது. காலை எடுத்துட்டு மறுபடி மிதிச்சா சரியாயிடுது. பிரேக் ஆயில் குறையல. வண்டியை ஓட்டலாமா?"

கடைசி கேள்விக்கு முதல் பதில்: ஓட்டாதீங்க. மெக்கானிக் கடை ரெண்டு தெரு தள்ளி இருந்தாலும் அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்க, இல்லன்னா டோ பண்ணுங்க. "மறுபடி மிதிச்சா சரியாயிடுது"ங்கிறதுதான் இதுல ஆளை ஏமாத்துற இடம். ரீஸ்டார்ட் பண்ணா ஓடுற சர்வர் மாதிரி. காரணம் உள்ளேயே இருக்கு, அடுத்த தடவை எப்போ வரும்னு தெரியாது.

அடிப்படை ரொம்ப எளிமை. பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டருக்குள்ள பிஸ்டன் நகரும், அது தள்ளுற பிரேக் ஆயில் நாலு சக்கரத்துக்கும் போகும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அப்போ ஒரே அழுத்தத்துல கால் வெச்சிருக்கும்போது பெடல் இறங்கிக்கிட்டே போகுதுன்னா, ஆயில் எங்கயோ போகுது. ஒண்ணு வெளியே கசியுது, இல்ல சிலிண்டருக்குள்ளேயே சீலைத் தாண்டிப் பின்னாடி போகுது.

முதல்ல இது உண்மையான பிரச்சினைதானான்னு பாருங்க. இன்ஜினை ஆஃப் பண்ணி, பெடல் கெட்டியாகுற வரைக்கும் அஞ்சாறு தடவை மிதிங்க. கால் எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழே போய் நின்னா, பூஸ்டர் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். பயப்பட வேண்டாம். நிக்காம இறங்கிக்கிட்டே போனாதான் நம்ம கேஸ். பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தா அது லைன்ல காத்து. முதல் மிதியில ஆழமா போய் ரெண்டாவது மிதியில மேல வந்து நின்னா பெரும்பாலும் பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட். மூணையும் "பிரேக் சரியில்ல"ன்னு ஒரே வார்த்தையில சொன்னா மெக்கானிக் அண்ணாவும் யூகத்துலதான் ஆரம்பிப்பார்.

இடையில ஒண்ணு. நம்ம ஏரியாவுல லாரி ஓட்டுற அண்ணன்கள் சொல்ற பிரேக் வைத்தியம் நம்ம காருக்குப் பொருந்தாது. எண்ணூர்ல 1948-ல ஆரம்பிச்ச அசோக் லேலண்ட் மாதிரி கம்பெனிகளோட கனரக லாரிகள்ல இருக்கிறது ஏர் பிரேக். டிரெய்லர் நிக்கும்போது 'புஸ்'னு சத்தம் வருதே, அதுதான். அங்க காத்துதான் வேலையே செய்யுது. நம்ம லைன்ல அதே காத்து வில்லன்.

சரி, கசிவைத் தேடுவோம். நாலு சக்கரத்தோட உள்பக்கம், ரப்பர் ஹோஸ், பின் டிரம்முக்குள்ள இருக்கிற வீல் சிலிண்டர், இரும்பு பைப் எல்லாம் பாருங்க. காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் உப்புக் காத்து. அடியில போற பைப் கிளிப் மாட்டியிருக்கிற இடத்துல துரு பிடிக்கும். பலர் பார்க்காம விடுற இடம் ஒண்ணு இருக்கு: மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேர்ற இடம். பின் சீல் போனா ஆயில் பூஸ்டருக்குள்ள போயிடும், தரையில ஒரு சொட்டு இருக்காது. ஆனா லெவல் குறையும்.

நம்ம நேயருக்கு லெவல் குறையல. அதனால சந்தேகம் நேரா மாஸ்டர் சிலிண்டர் சீல் மேல. மெக்கானிக்குகள் 'வாஷர்'னு சொல்ற அந்த ரப்பர் கப், அழுத்தம் ஏற ஏற விரிஞ்சு சுவரோட ஒட்டும். அதனால தேய்ஞ்ச சீல் பலமா மிதிச்சா பிடிக்கும், லேசா மிதிச்சா விட்டுடும். "நான் ஓங்கி மிதிச்சேன், நல்லாத்தானே இருக்கு"ன்னு மெக்கானிக் சொன்னா, ஒரு நிமிஷம் லேசா மிதிச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

உறுதி பண்றது பைனரி சர்ச் மாதிரிதான். மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து பைப்பைக் கழட்டி, ஓட்டைகளைப் பிளக் போட்டு அடைச்சு, காத்தை எடுத்துட்டு மிதிக்கணும். அப்பவும் இறங்கினா குற்றவாளி சிலிண்டர்தான். கல்லு மாதிரி நின்னா, பிரச்சினை அதுக்கு அப்புறம்: பைப், ஹோஸ், சக்கரம், அரிதா ஏபிஎஸ் யூனிட்.

சீல் ஏன் போகுது? பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் தாண்டினாதான் கொதிக்கணும். 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்தா அந்த வரம்பு 155-க்கு வந்துடும். அதே தண்ணி சிலிண்டருக்குள்ள அரிப்பையும் கொடுக்கும். இதனாலதான் பழைய வண்டியில ஆயில் மாத்தின மறுநாளே பெடல் இறங்க ஆரம்பிக்கும். ப்ளீட் பண்ணும்போது பெடலைத் தரை வரைக்கும் மிதிச்சா, வருஷக்கணக்கா தொடாத, அழுக்கும் அரிப்பும் இருக்கிற பகுதியில சீல் உரசிக் கிழியுது. பெடலுக்குக் கீழ ஒரு மரக்கட்டை வெச்சா போதும், இது நடக்காது.

ரிப்பேருக்கு ரெண்டு வழி. கிட் போடலாம், அல்லது முழு சிலிண்டர் மாத்தலாம். உள்சுவர்ல கீறலோ குழியோ இருந்தா கிட் சில மாசம் கூட தாங்காது. என் ஓட்டு புது சிலிண்டருக்குத்தான். புதுப்பேட்டையில கதவு, கண்ணாடி எல்லாம் செகண்ட் ஹேண்ட் வாங்குங்க, மாஸ்டர் சிலிண்டர் மட்டும் வேண்டாம். அதோட சீலுக்கு வயசு என்னன்னு கடைக்காரருக்கே தெரியாது.

புதுசை மாட்டுறதுக்கு முன்னாடி மேசையிலேயே வெச்சு உள்ளே இருக்கிற காத்தை எடுக்கணும். இல்லன்னா நாலு சக்கரம் ப்ளீட் பண்ணாலும் ஸ்பாஞ்ச் போகாது. மூடி உடைக்காத டப்பா ஆயில் மட்டும் ஊத்துங்க. இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் ஊதிடும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க. ப்ளீட் பண்ற வரிசை வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல் பாருங்க.

முடிஞ்சதும் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி, இன்ஜின் ஓடும்போது ஒரு நிமிஷம் லேசா, ஒரு நிமிஷம் பலமா பெடலை மிதிச்சுப் பிடிங்க. ரெண்டுலயும் அசையாம நின்னா, காலித் தெருவுல பத்து கிலோமீட்டர் வேகத்துல, ஹேண்ட் பிரேக்ல கை வெச்சுக்கிட்டு ஒரு ரவுண்டு. அதுக்கப்புறம்தான் எக்ஸ்பிரஸ் ரோடு.