நடக்காத வரலாறுகள் – 7: ரூஸ்வெல்ட்டின் லைட்டர்

1933 பிப்ரவரி 15. மயாமி பூங்கா ஒன்றில், திறந்த காரில் அமர்ந்தபடியே கூட்டத்திடம் பேசி முடித்தார் ரூஸ்வெல்ட். இன்னும் அதிபராகப் பதவியேற்கவில்லை. ஸங்காரா என்ற கொத்தனார் நாற்காலி மேல் ஏறி நின்று சுட்டார். குறி தப்பியது. குண்டு பாய்ந்த சிகாகோ மேயர் செர்மாக் அடுத்த மாதம் இறந்துபோனார்.

பிலிப் கே. டிக்கின் ‘தி மேன் இன் தி ஹை காசில்’ (1962) நாவலில் ஸங்காராவின் குறி தப்பவில்லை. ரூஸ்வெல்ட் இல்லாத அமெரிக்கா பெருமந்தத்திலிருந்து எழவே இல்லை, இரண்டாம் உலகப் போரில் தோற்கிறது. கிழக்குக் கரை ஜெர்மனியின் பிடியில், மேற்குக் கரை ஜப்பானின் பிடியில்.

போன வாரம் பார்த்த வார்டு மூரைப் போல டிக் நம்மைப் போர்க்களத்துக்குக் கூட்டிப்போவதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கடைக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறார். கடைக்காரர் சில்டன் வெள்ளைக்காரர். தோற்றுப்போன அமெரிக்காவின் பழம்பொருள்களை ஜப்பானிய ரசிகர்களுக்கு விற்பதுதான் பிழைப்பு. முக்கிய விருந்தாளிக்கு ஜப்பானிய அதிகாரி டகோமி தரும் பரிசு என்ன தெரியுமா? மிக்கி மவுஸ் கைக்கடிகாரம்!

சில்டனின் நெளிவு சுளிவுகளில்தான் டிக்கின் கைவண்ணம். ஜப்பானியர் பேசும் உடைந்த ஆங்கிலத்திலேயே அவர் மனத்துக்குள்ளும் யோசிக்கிறார். எவ்வளவு குனிய வேண்டும், தன் பெட்டியைத் தானே தூக்கினால் மதிப்புக் குறையுமா என்று ஓயாத கணக்கு. துரைமார் காலத்துக் குமாஸ்தாக்களைப் பற்றிக் கேள்விப்பட்ட நமக்கு இந்த ஆளைப் புரிந்துகொள்ள அடிக்குறிப்பு வேண்டாம். உளவாளிக் கதைப் பகுதி மட்டும், என்னைக் கேட்டால், சுமார்தான்.

சில்டன் விற்கும் பழைய துப்பாக்கிகளில் பல, உள்ளூர்ப் பட்டறையில் செய்த போலிகள். பட்டறை முதலாளி ஒரு பெண்ணிடம் இரண்டு ஸிப்போ லைட்டர்களை நீட்டுகிறார். ஒன்று, ரூஸ்வெல்ட் சுடப்பட்டபோது அவர் சட்டைப்பையில் இருந்தது. எது என்று சொல் பார்க்கலாம் என்கிறார். அவளால் முடியவில்லை, யாராலும் முடியாது. வித்தியாசம் லைட்டரில் இல்லை, கூட வரும் சான்றிதழில்தான் இருக்கிறது. வென்றவன் எழுதிய வரலாற்றுக்கும் இதே கதிதானே?

நாவலுக்குள் இன்னொரு நாவலும் உண்டு. அதில் ஹிட்லர் தோற்கிறார். ‘அட, நம் உலகம்!’ என்று நிமிர்ந்தால், அதுவும் இல்லை. அங்கே போருக்குப்பின் கொடிகட்டிப் பறப்பது பிரிட்டிஷ் சாம்ராஜ்யம். மூன்றாவதாக ஒரு வரலாறு!

பாத்திரங்கள் ‘ஐ சிங்’ என்ற சீன ஆரூட நூலிடம் குறி கேட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். டிக்கும் அப்படித்தான், கதைத் திருப்பங்களுக்கே காசு சுண்டிப் பார்த்ததாகச் சொன்னார். 1963-இல் ஹியூகோ விருது கிடைத்தது.

இரண்டாம் பாகம் ஒருசில அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. முதல் பாகத்துக்காக பெர்க்லி பல்கலைக்கழக நூலகத்தில் நாஜி ஆவணங்களைப் படித்தவர் அவர். அந்த மனிதர்களைப் பற்றி மறுபடி படிக்கத் தெம்பில்லை என்றார். 1982-இல் இறக்கும்வரை அதை முடிக்கவில்லை.

(தொடரும்)