கென்னட் ஆற்றின் கற்களுக்கடியில்

தென் இங்கிலாந்தின் வில்ட்ஷைரில் தோன்றி ரெடிங் நகரருகே தேம்ஸில் கலக்கும் கென்னட், சுண்ணப்பாறைக்குள் இறங்கிய மழைநீர் ஊற்றாக வெளிப்பட்டு ஊட்டுவதால் தெளிவும் குளிர்ச்சியும் குன்றாமல் ஓடும் ஆறு; டிரவுட் மீனுக்காகத் தூண்டில்காரர்கள் நாடிவருவதும் அதனால்தான். அம்மீனின் இரைகளுள் பேர்பெற்றது மேஃபிளை என்னும் பூச்சி. அதன் இளம் பருவம் ஏறத்தாழ ஈராண்டுக் காலம் ஆற்றடி வண்டலில் வளை தோண்டி, வயிற்றோரச் செவுள்களால் மூச்சுவிட்டு வளர்ந்து, மே, ஜூன் மாதங்களில் நீர்மட்டத்துக்கு எழுந்து தோலுரித்துச் சிறகு பெறுகிறது. சிறகு வந்தபின் மீண்டும் ஒருமுறை தோலுரிப்பது, இன்று வாழும் பூச்சிகளுள் மேஃபிளை இனங்களுக்கே உரிய இயல்பு. முதிர்ந்த பூச்சிக்கு உண்ணத்தக்க வாயுறுப்பு இல்லாமையால், இணைசேர்ந்து முட்டையிட்டதும் அது மடிகிறது. எனினும் நீருக்கடியில் கழிந்த ஈராண்டை மறந்து அதை அற்பாயுள் உயிர் என இரங்குவது பொருத்தமன்று.

கல்லைப் புரட்டினால் காணப்படும் கேடிஸ் புழுக்களுள் பல, வாயருகே சுரக்கும் பட்டிழையால் மணலையும் சுள்ளியையும் ஒட்டிக் கூடு கட்டி, அதைச் சுமந்தே நகர்கின்றன. பக்கவாட்டில் சாய்ந்து நீந்தும் கம்மாரஸ் என்னும் இறாலையொத்த சிற்றுயிர், உதிர்ந்த இலைகளைத் தின்று சிதைக்கிறது.

இறகும் நூலும் கொண்டு இவற்றின் போலிகளைத் தூண்டில்முள்ளில் கட்டுவதற்காக ஒவ்வொரு பருவத்தையும் கூர்ந்து நோக்கிப் பழகிய தூண்டில்காரர்கள், இன்று ஆற்றின் காவலர்களாகவும் விளங்குகின்றனர். நீரோட்டத்தில் வலையை ஊன்றி, அதன் மேற்புறத்து ஆற்றடியை மூன்று நிமிடம் காலால் கிளறி, அடித்துவரப்படும் உயிர்களை இனவாரியாக எண்ணுவதே அவர்களின் முறை. நீர்மாதிரி எடுத்த கணத்தின் நிலையை மட்டுமே சொல்லும்; தொலைவுக்கு இடம்பெயர இயலாத புழுவோ பல மாதங்களாக அவ்வழியே ஓடிய நீரின் விளைவைத் தாங்கி நிற்கிறது.

2013 ஜூலையில் கென்னட்டில் எடுத்த வலையில் பூச்சிகளும் கம்மாரஸும் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தன. மார்ல்பரோ கழிவுநீர் நிலையம் வழியாகக் குளோர்பைரிஃபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி ஆற்றில் கலந்திருந்தது பின்னர் கண்டறியப்பட்டது. நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் நொதியை முடக்கும் இந்நஞ்சு, கணுக்காலிகளை மிகச் சிறிய அளவிலேயே கொன்றுவிடும். அந்த அளவில் மீன்கள் பிழைத்துவிடுவதால், செத்து மிதக்கும் மீனை மட்டும் அடையாளமாகக் கொள்வோர் இத்தகைய அழிவை உணரவே வழியில்லை.